வெக்கையா, புழுக்கமா? செட்டிநாட்டுக் கோடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

நான் காரைக்குடிக்குக் குடிவந்தது ஒரு ஏப்ரல் மாதம். சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். பாலக்காட்டுக் காற்றில் வளர்ந்தவனுக்கு இந்த ஊர் வெயில் முதல் நாளே முகத்தில் அறைந்தது. இரண்டாம் நாள் ஒரு ஏர் கூலர் வாங்கி, அறையின் கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஓடவிட்டேன். முதல் கால் மணி நேரம் சொர்க்கம். அப்புறம் சட்டை முதுகோடு ஒட்டியது, பாய் ஈரமானது, அறை இட்லிச் சட்டி ஆனது. கூலர்தான் கோளாறு என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

மறுநாள் வேறு கூத்து. கூலரை அணைத்துவிட்டு எல்லாச் சன்னலையும் மலர்த்தித் திறந்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, மேகாத்து அடிக்கிற நேரத்துல சன்னல எதுக்குத் தொறந்து வச்சிருக்கீக? அனலைக் கூப்பிட்டு உள்ள உக்கார வைக்கிறீகளா?" என்றார்கள்.

அந்த இரண்டு நாளில் எனக்குப் புரிந்தது இதுதான்: செட்டிநாட்டில் கோடை என்பது ஒன்றல்ல, இரண்டு. மேற்கிலிருந்து காய்ந்த மேல்காற்று (ஆச்சி சொன்ன மேகாத்து) வீசும் நாள் வெக்கை நாள். கிழக்கிலிருந்து கடல் ஈரம் ஏறி வரும் நாளும், காற்றே அசையாமல் கிடக்கும் நாளும் புழுக்க நாள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. நான் புழுக்க நாளில் கூலரையும், வெக்கை நாளில் திறந்த சன்னலையும் பிடித்துக்கொண்டு நின்றவன். நீங்கள் அப்படி நிற்க வேண்டாம்.

முதலில் வியர்வையைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடம்புச் சூடு தானாகவே வெளியே போகும். காற்று 35ஐத் தாண்டிவிட்டால் அந்த வழி அடைபடும். சொல்லப்போனால் வெளிச் சூடு உள்ளே வர ஆரம்பிக்கும். பிறகு உடம்புக்கு மிஞ்சும் ஒரே வழி வியர்வை.

வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, உலர்வதால்தான் குளிர்கிறது. 1 லிட்டர் வியர்வை தோலிலேயே முழுதாக உலர்ந்தால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 20 லிட்டர் கேன் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 59 டிகிரிவரை சுட வைக்கிற வெப்பம் அது. அதே வியர்வை உலராமல் நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழுந்தால் அந்தக் கணக்கு முழுக்க வீண். "நல்லா வேர்க்குது, உடம்புக்கு நல்லது" என்று சிலர் சொல்வார்கள். சொட்டச் சொட்ட வேர்ப்பது, குளிர்விக்கும் வேலை முழுதாக நடக்கவில்லை என்பதற்கான அடையாளம்.

உலர்வதற்கு இரண்டு பேர் துணை வேண்டும். காற்றில் ஈரத்துக்கு இடம் மிச்சம் இருக்க வேண்டும். தோலை ஒட்டிப் படிந்திருக்கும் ஈரக் காற்றுப் படலத்தை யாராவது தள்ளிவிட வேண்டும். முதல் வேலை காற்றின் வறட்சியுடையது, இரண்டாவது வேலை வீச்சுடையது.

ஃபோனில் தெரியும் எண்ணைப் படிக்கும் விதம்

ஒரு நாள் மதியம் 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம். இன்னொரு நாள் 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். எது மோசம்? தெர்மாமீட்டரைக் கேட்டால் முதல் நாள் என்று சொல்லும். உடம்பைக் கேட்டால் இரண்டாவது நாள் என்று சொல்லும். அமெரிக்க வானிலைத் துறை பயன்படுத்தும் வெப்பக் குறியீட்டு அட்டவணைப்படி முதல் நாள் ஏறக்குறைய 43 டிகிரியாக உறைக்கும், இரண்டாவது நாள் 46, 47ஐத் தொடும். சூடு 4 டிகிரி குறைவு, அவஸ்தை அதிகம்.

அந்த அட்டவணைக்கு அடிப்படை 1979இல் ராபர்ட் ஸ்டெட்மேன் போட்ட கணக்கு. ஒன்றை மறக்காதீர்கள்: அது நிழலில், மெல்லிய காற்றில், சுமார் 67 கிலோ எடையுள்ள ஒருவர் நடந்துபோவதாக வைத்துக்கொண்டு போட்டது. நேர் வெயிலில் நின்றால் அதற்கு மேலும் 8 டிகிரிவரை கூடும். காரைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலேயே சூரியன் நடு உச்சியில் நிற்கும், உச்சிப்பொழுதில் உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே கிடக்கும். கத்திரி வெயில் தொடங்கச் சித்திரை 21 ஆக வேண்டும். ஆனால் வெயில் செங்குத்தாக இறங்குவது அதற்கு முன்பே ஆரம்பமாகிவிடும்.

இரண்டு ஆப்கள் ஒரே நேரத்தில் இரண்டு எண்ணைக் காட்டினால் குழம்ப வேண்டாம். சில கணக்கு முறைகள் வெப்பத்தையும் ஈரத்தையும் மட்டும் சேர்க்கும். சில, காற்று வேகத்தையும் சேர்க்கும். ஆஸ்திரேலியாவில் புழங்கும் முறையில் காற்றின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் கூடினால் உணரும் வெப்பம் 0.7 டிகிரி குறையும். எந்த ஆப் சரி என்று ஆராய்வதைவிட ஒன்றையே பிடித்துக்கொண்டு தினமும் பார்ப்பது நல்லது.

ஈரப்பதச் சதவீதத்தில் ஒரு பொறி இருக்கிறது. விடியற்காலை 26 டிகிரியில் 85 சதவீதம் என்று காட்டும். மதியம் 38 டிகிரியில் அதுவே 43 சதவீதம் ஆகிவிடும். காற்றில் இருக்கும் தண்ணீர் கொஞ்சமும் குறைந்திருக்காது. சூடான காற்றுக்குக் கொள்ளளவு கூடிவிட்டது, அவ்வளவுதான். குடத்துத் தண்ணீரை அண்டாவில் ஊற்றிவிட்டு, பாதிகூட இல்லையே என்று சொல்வது போல. அதனால் நான் சதவீதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஆப்பில் டியூ பாயிண்ட் என்று ஒன்று இருக்கும். தமிழில் பனிநிலை, அதாவது எந்தச் சூட்டுக்கு இறங்கினால் காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியும் என்பது. முதலில் சொன்ன 38 டிகிரி, 40 சதவீத நாளுக்கு அது 22, 34 டிகிரி, 70 சதவீத நாளுக்கு 28. என் சொந்த அளவுகோல்: 20, 22 என்றால் சமாளிக்கலாம், 24 என்றால் கசகசப்பு, 26ஐத் தாண்டினால் அன்றைக்குக் கடினமான வேலை எதையும் மதியத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது.

மதுரையையும் தொண்டியையும் பாருங்கள்

இது எனக்குப் பிடித்த குறுக்குவழி. காரைக்குடிக்கு மேற்கே எண்பது தொண்ணூறு கிலோமீட்டரில் மதுரை. தென்கிழக்கே தொண்டிக் கடற்கரை, தேவகோட்டையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். வானிலைத் துறை அறிக்கையில் இரண்டு ஊர்களின் பெயரும் வரும். நாம் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். மேல்காற்று ஓங்கிய நாளில் காரைக்குடி மதுரையைப் போலக் காயும். கடல்காற்று உள்ளே வந்த நாளில் தொண்டியைப் போல வேகும். பல நாள் மதியம்வரை மதுரை, மாலை 4 மணிக்குமேல் தொண்டி. ஒரே நாளில் இரண்டு ஊர்.

வானிலைத் துறையே இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. வெப்ப அலை என்று பார்க்கத் தொடங்க, சமவெளிக்கு 40 டிகிரி எட்ட வேண்டும். கடலோரத்துக்கு 37 போதும். வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்ற கணக்கும் அதோடு சேரும். கடலோரத்துக்கு ஏன் 3 டிகிரி சலுகை என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

கருவி இல்லாமல் கண்டுபிடிக்க

சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி கிடைக்கும். வாங்கினால் நல்லது. வாங்காவிட்டாலும் வீட்டிலேயே மூன்று கருவிகள் இருக்கின்றன.

ஒன்று மண்பானை. பானையின் வேலையும் தோலின் வேலையும் ஒன்றேதான். கசிந்த நீர் உலர்ந்தால் உள்ளே குளிரும். காலையில் நிரப்பிய பானைத் தண்ணீர் மதியம் தொண்டையில் ஜிலுஜிலு என்று இறங்கினால் அன்று உங்கள் வியர்வையும் நன்றாக உலரும். பானை வெளியே நனைந்து, அடியில் நீர் தேங்கி, தண்ணீர் மட்டும் சாதாரணமாக இருந்தால் புழுக்க நாள். ஆச்சி தினமும் பானையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாடியில் வற்றல் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

இரண்டாவது கொடியில் போட்ட துண்டு. ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று விறைத்தால் மேல்காற்று. மூன்றாவது உப்பு ஜாடி. உப்பு ஈரம் கோத்து நசநசவென்று கிடந்தால் புழுக்கம்தான், கேட்கவே வேண்டாம்.

காற்றின் திசைக்கு, கோயில் கொடியையோ தென்னை ஓலையையோ பாருங்கள். பழைய தமிழில் கிழக்குக் காற்றுக்குக் கொண்டல் என்றும், வடக்குக்கு வாடை, தெற்குக்குத் தென்றல், மேற்குக்குக் கோடை என்றும் பெயர். மேல்காற்றுக்கும் வெயில் காலத்துக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். யாரோ இந்தப் பக்கத்தில் வெந்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

வெக்கை நாளில்

காலை 9 மணிக்குள் மேற்கு, தெற்குச் சன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள். வெளிக் காற்று அறைக் காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை அதை உள்ளே விடுவதில் லாபமில்லை. மாலையில் வெளியே தணிந்ததும் திறங்கள். பழைய நகரத்தார் வீடுகளில் இதைக் கவனித்திருக்கிறேன். தடித்த சுவர், உயர்ந்த கூரை, முகப்பில் நின்றால் வளவை (நடு முற்றத்தை) தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டி, பின்கட்டு வாசல் வழியாக அடுத்த தெருவே தெரியும். காற்று ஓட அப்படிக் கட்டியிருக்கிறார்கள், சரி. ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் மதியம் பன்னிரண்டுக்குக் கதவைச் சாத்திவிட்டு, வளவுக்கு மேல் வெட்டிவேர்த் தட்டியோ கித்தானோ கட்டிவிட்டு, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வெறும் உடம்போடு படுத்துக்கொள்வார்கள். வீட்டின் அமைப்பை மட்டும் வியந்துவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கதவு சாத்தும் வழக்கத்தைக் கவனிப்பதில்லை.

ஏர் கூலருக்கு ஏற்ற நாள் இதுதான். கூலர் என்பது பெரிய மண்பானை. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் எவ்வளவு இறங்குமோ அதற்குக் கீழே அது போகாது. 38 டிகிரி, 40 சதவீதத்தில் அந்த எல்லை 27. 11 டிகிரி இடைவெளி இருக்கிறது, அதில் பெரும்பகுதியைக் கூலர் எட்டிவிடும். 34 டிகிரி, 70 சதவீதத்தில் எல்லை 29, இடைவெளி வெறும் 5. அதோடு தன் பங்குக்கு ஈரத்தையும் சேர்த்துக் கொட்டும். எந்த நாளானாலும் கூலரைச் சன்னல் ஓரம் வைத்து எதிர்ப்பக்கம் ஒரு சன்னலைத் திறந்து வையுங்கள். நான் செய்தது போல மூடிவைத்தால் என்ன ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வெக்கை நாளின் ஆபத்து வேறு மாதிரி. வியர்வை வருவதே தெரியாது, வந்த வேகத்தில் உலர்ந்துவிடும். "எனக்கு வேர்க்கவே இல்லையே" என்று பள்ளத்தூர்வரை டூ வீலரில் போய்விட்டு வந்து தலைவலியோடு படுப்பீர்கள். தாகத்துக்குக் காத்திருக்காமல் குடியுங்கள். சட்டைக் காலரிலும் முதுகிலும் வெள்ளைக் கோடு தெரிந்தால் உப்பும் போயிருக்கிறது. நீர்மோர், நீராகாரம், எலுமிச்சைச் சாற்றில் உப்பு, எதுவானாலும் சரி. வயிற்றுப்போக்கும் சேர்ந்துவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய அளவில்.

வண்டியில் போகும்போது காற்று அடிப்பது சுகம் என்று நினைக்காதீர்கள். 40 டிகிரிக் காற்று முகத்தில் வேகமாக அடித்தால் அது ஊதுலைக் காற்று. முழுக்கைச் சட்டை, முகத்தை மூடிய பருத்தித் துண்டு. துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டால் குன்றக்குடி போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும், ஆனால் அதுவரை நன்றாக இருக்கும்.

புழுக்க நாளில்

எல்லாம் தலைகீழ். திறக்க முடிந்த அத்தனையையும் திறங்கள். இன்று உங்களுக்கு வேண்டியது குளிர்ச்சியை விட அசைவு. எதிரெதிர்ச் சன்னல், தலைக்கு மேலே ஃபேன், முடிந்தால் ஒரு டேபிள் ஃபேனும். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, அறையில் இருக்கும் ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடவிடுவது மின்சார வாரியத்துக்குச் செய்யும் தர்மம்.

கூலரில் தண்ணீர் ஊற்றாமல் வெறும் ஃபேனாக ஓட்டுங்கள். ஈரத் துணியை வீட்டுக்குள் உலர்த்தாதீர்கள். சமையலறைப் புகைபோக்கி விசிறி இருந்தால் அதை ஓடவிட்டு, இட்லி, இடியாப்பம் அவிப்பதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஏ.சி. உள்ளவர்கள் 'ட்ரை' என்ற பொத்தானைத் தேடிப் பாருங்கள். 26 டிகிரியில் ஏ.சி.யும் மெதுவாகச் சுற்றும் ஃபேனும் சேர்ந்தால் 22 டிகிரி வைக்க வேண்டிய தேவை இருக்காது. ஏ.சி. காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து வெளியே சொட்டவிடுவதும் நமக்குச் செய்யும் உதவிதான்.

இந்த நாளில் வேர்க்குரு வரும். இறுக்கமில்லாத மெல்லிய பருத்தி, இரண்டு வேளைக் குளியல், குளித்தபின் நன்றாகத் துடைத்தல். பவுடரை அப்பி வியர்வைத் துளைகளை அடைக்காதீர்கள்.

கோடை மழை பெய்த மறுநாள் காலையை நம்பாதீர்கள். "அப்பாடா, மழை வந்துவிட்டது" என்று தூங்கி எழுந்தால், நனைந்த செம்மண்ணின் மேல் 8 மணிக்கே வெயில் விழுந்து நிலமே ஆவி பிடிக்கும். என் கணக்கில் ஆண்டின் மிக மோசமான காலைகள் அவைதான்.

ஃபேன் எதுவரை உதவும்

காற்று 35 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஃபேன் எப்போதும் நல்லது. 35க்கு மேல் ஒரு கையால் சூட்டைக் கொண்டுவந்து போட்டு, மறு கையால் வியர்வையை உலர்த்தும். வேர்க்கும்வரை லாபக் கணக்குதான். அறையே 40ஐத் தாண்டினால் உலக சுகாதார நிறுவனம் ஃபேனைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. முதியவர்களுக்கு வியர்வை குறைவு, அதனால் அவர்களுக்கு இந்த எல்லை இன்னும் முன்னாலேயே வந்துவிடும். ஐயாவும் அப்பத்தாவும் இருக்கும் வீடுகளில் கை, கழுத்து, பாதத்தை அடிக்கடி ஈரத்துணியால் நனைத்துவிட்டு அப்புறம் ஃபேனைப் போடுங்கள். வராத வியர்வைக்குப் பதில் நாம் கொடுக்கும் வியர்வை அது.

முதல் இரண்டு வாரம்

புது ஊர் வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். சீக்கிரம் வேர்க்கப் பழகும், வியர்வையில் உப்பைக் குறைத்து வெளியேற்றப் பழகும். அதுவரை வெளிவேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வந்த முதல் ஞாயிறே கானாடுகாத்தான் வீடுகளை மொட்டை வெயிலில் சுற்றிப் பார்க்கக் கிளம்ப வேண்டாம். வீடுகள் நூறு வருடமாக அங்கேயே நிற்கின்றன.

கூட இருப்பவர் உளற ஆரம்பித்தாலோ, நடை தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது வெப்பத்தாக்கு. வேர்த்திருந்தாலும் சரி, வேர்க்காவிட்டாலும் சரி. 108ஐக் கூப்பிட்டுவிட்டு, நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கிய வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இரவு

தளம் போட்ட வீட்டில் பகலில் வாங்கிய வெயிலைக் கூரை இரவு பத்து, பதினொன்று மணிவரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மாலை 6 மணிக்கு மொட்டைமாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் வெக்கை நாளில் சீக்கிரம் உலர்ந்து தளத்தின் சூட்டை இழுக்கும். புழுக்க நாளில் பலன் பாதிதான், ஊருணியும் கிணறும் வற்றிய ஊரில் அதற்குத் தண்ணீரைச் செலவழிக்க மனசு வராது. பங்குனியிலேயே தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் இந்தத் தண்ணீர்ச் செலவும் குறையும். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

மாடியில் படுப்பவர்கள் கட்டிலைப் போடும் முன் தென்னை ஓலையைப் பாருங்கள். அசைகிறதா, மேலே போங்கள். அசையவில்லையா, கீழே ஃபேனடியிலேயே படுங்கள். மேல்காற்று ஓங்கி அடிக்கும் ஆனி, ஆடியில் கடல்காற்று வர நேரமாகும், சில நாள் வராமலே போகும். அந்த மாதங்களில் பாயை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், நாலு மூலைக்கும் செங்கல் வேண்டும்.